ஆள்சேர்ப்புத் தரவரிசையில் முதலிடம் பிடித்தால் அணி வென்றுவிடுமா?

கொலம்பஸ் கார்த்தி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குப் பிடித்துப்போனது இங்கே வந்த பிறகுதான். ஆட்டத்தின் விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆட்டமே இல்லாத மாதங்களில் நடக்கும் ஒரு விஷயம்தான் இன்னும் பிடிபடவில்லை: ஆள்சேர்ப்புத் தரவரிசை. அதாவது, பள்ளி வீரர்களுக்கு ஐந்து வரை நட்சத்திரம் போட்டு, யார் யாரைச் சேர்த்தார்கள் என்பதை வைத்துக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் பட்டியல்.

என் அலுவலகத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். டிசம்பரில் பள்ளி மாணவர்கள் கல்லூரிகளுக்குக் கையெழுத்திடும் அந்த மூன்று நாள்களும் அவருக்குத் திருவிழா. கைப்பேசியில் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த ஊர்ப் பையன், எத்தனை நட்சத்திரம், நம் அணி இப்போது எத்தனையாவது இடம் என்று மணிக்கொரு முறை சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் ஒஹாயோ ஸ்டேட் எப்போதும் முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும். 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என வென்று சாம்பியன் ஆனபோது, "பார்த்தாயா, தரவரிசை பொய் சொல்லாது" என்றார்.

2026 ஜனவரி 19 அன்று இந்தியானா 27-21 என மியாமியை வென்றது. பதினாறு ஆட்டங்கள், பதினாறு வெற்றிகள். அந்த வீரர்களைச் சேர்த்த ஆண்டுகளில் இந்தியானா ஆள்சேர்ப்பில் முதல் இருபது இடங்களுக்குள்கூட வந்ததில்லை. நண்பரிடம் கேட்டேன். "விதிவிலக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பதினேழு வயதுப் பையன்களுக்குப் போடும் நட்சத்திரத்துக்கும், நான்கு ஆண்டுகள் கழித்து மைதானத்தில் நடப்பதற்கும் உண்மையில் என்ன தொடர்பு? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்ட் ஸோன் கேமரா – பதில்

தம்பி, உங்கள் நண்பர் சொல்வதும் முழுப் பொய் இல்லை, உங்கள் சந்தேகமும் வீண் இல்லை. எனக்குத் தெரிந்ததை நான் பார்த்த இடத்திலிருந்து சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலஸ் பக்கத்தில் ஒரு புறநகரில் இருக்கிறேன். என் மகள் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசித்தாள். அவளைக் கொண்டுபோய் விடும் இடத்தில், கேமராவைப் பார்த்துக்கொள்ள ஒரு தன்னார்வலர் வேண்டும் என்று ஃபுட்பால் பயிற்சியாளர் கேட்டார். சரி என்றேன். அவள் படித்த நான்கு ஆண்டுகளும், படித்து முடித்துப் போன பிறகு இன்னோர் ஆண்டும், ஆகக் கூடி ஐந்து பருவங்கள் வெள்ளிக்கிழமை இரவுகளை அந்தக் கேமராவோடு கழித்திருக்கிறேன்.

பள்ளி ஆட்டங்களுக்கு இரண்டு கேமராக்கள் வைப்பார்கள். ஒன்று பக்கவாட்டில், பார்வையாளர் மாடத்தின் உச்சியில். மற்றொன்று எண்ட் ஸோனுக்கு, அதாவது மைதானத்தின் கடைக்கோடியில் புள்ளி எடுக்கும் பகுதிக்கு, பின்னால் ஒரு நெடிய கம்பத்தின் தலையில் இருக்கும். அதை இயக்குகிறவர் கீழே நின்று சிறிய திரையைப் பார்த்தபடி கைப்பிடியால் திருப்ப வேண்டும். அதுதான் என் வேலை. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கிறவர்களுக்குப் பந்து தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து பையன்களின் முதுகும் பாதமும். ஐந்து ஆண்டுகள் அதையே பார்த்தால் ஒரு பையன் எங்கே வெல்கிறான், எங்கே தோற்கிறான் என்பது கண்ணுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளியில் அப்போது நான்கு நட்சத்திர ரிசீவர் (வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவன்) ஒருவன் இருந்தான். அவன் ஓடினால் மாடத்தில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். அவனைப் பார்க்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாநிலம் விட்டு மாநிலம் வந்தார்கள். அதே அணியின் முன்வரிசையில் இடது கார்டாக ஒரு பையன் ஆடினான். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. உயரம் போதவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் என் திரையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அவனைத்தான். பந்து நகர்ந்த கணத்தில் அவன் வலது பாதம் ஆறு அங்குலம்தான் நகரும். ஒரு சாண்கூட இருக்காது. அந்த ஆறு அங்குலம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும். எதிரில் நிற்பவன் அவனைவிட முப்பது பவுண்டு கூடுதலாக இருந்தாலும் சரி, நான்காவது கால் பகுதியில் எல்லோரும் தளர்ந்துபோனாலும் சரி, பாதம் அதே இடத்தில்தான் விழும். செப்டம்பர் மாதத்து டெக்சஸ் வெயிலில், இரவு ஏழரை மணிக்கும் அனல் அடங்காத மைதானத்தில் அதைச் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ரிசீவர் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனான். முதல் பருவத்தில் இடம் கிடைக்கவில்லை. வீரர்கள் கல்லூரி மாறுவதற்கான போர்ட்டலில் பெயரைப் போட்டு இரண்டாவது இடத்துக்குப் போனான், பிறகு மூன்றாவது இடத்துக்கு. இப்போது ஆடுவதில்லை. கார்டு ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டு முழுக்க உட்கார்ந்து, இரண்டாமாண்டு முதல் ஆடினான். ஐந்தாவது ஆண்டில் ஒரு பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) அணி அவனை அழைத்துக்கொண்டது. பன்னிரண்டு ஆட்டங்களிலும் தொடக்க வீரன்.

இதை வைத்து நட்சத்திரங்கள் வெறும் பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த ரிசீவரின் திறமையை அளந்தவர்கள் தவறாக அளக்கவில்லை. அவன் கால்களில் இருந்த வேகம் உண்மை. அவர்கள் அளந்தது ஒன்று, நீங்களும் உங்கள் நண்பரும் அதிலிருந்து எதிர்பார்ப்பது வேறொன்று. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

247ஸ்போர்ட்ஸ் தளம் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் தருகிறது. ஏன் 32? என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 தேர்வுகள் என்பதால். அதாவது அந்தப் பட்டியல் கேட்கும் கேள்வி, 'இந்தப் பையன் இருபத்திரண்டு வயதில் தொழில்முறை அணிக்குத் தேர்வாவானா?' என்பது. 'பத்தொன்பது வயதில் உங்கள் கல்லூரிக்கு ஒரு ஆட்டத்தை வென்று தருவானா?' என்று அது கேட்கவே இல்லை. இரண்டுக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் கிடக்கின்றன.

எங்கள் மாநிலத்திலேயே இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 சேர்க்கையில் டெக்சஸ் ஏ அண்ட் எம் நாட்டிலேயே முதலிடம். அதுவரை யாரும் அவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வாங்கியதில்லை. அரை டஜனுக்கும் மேல் ஐந்து நட்சத்திர வீரர்கள். அந்த இலையுதிர்காலத்தில் அணி 5-7, அதாவது ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 எனத் தோற்றார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கினார்கள். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். சேர்ந்த பையன்களில் பலர் திசைக்கொருவராகப் பிரிந்து போனார்கள்.

இப்போது 2025 டிராஃப்டைப் பாருங்கள். முதல் சுற்றில் 16ஆவதாக வால்டர் நோலன், 17ஆவதாக ஷெமார் ஸ்டீவர்ட். இருவருமே அந்த 2022 சேர்க்கைப் பையன்கள். பட்டியல் போட்டவர்களின் கண் தவறவில்லை! ஆனால் நோலன் தேர்வானது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் சட்டையில். ஏ அண்ட் எம் அவரைக் கண்டெடுத்தது, சேர்த்தது, இழந்தது. பலனை வேறொருவர் அறுவடை செய்தார்.

அதே மாநிலம், அதே ஆண்டு, டெக்சஸ் பல்கலைக்கழகம் என்ன செய்தது? முந்தைய ஆண்டு அவர்களுக்கும் 5-7தான். 2021 நவம்பர் 13 அன்று ஆஸ்டினில் கான்சஸிடம் 57-56 எனத் தோற்ற ஆட்டத்தை நான் முழுவதும் பார்த்தேன். கூடுதல் நேரத்தில் வெற்றிக்கான இரண்டு புள்ளிகளைப் பிடித்தவர் ஜாரெட் கேஸி, உதவித்தொகை இல்லாமல் ஆடிய ஒரு வாக்-ஆன். எதிரே நின்ற டெக்சஸ் அணி முழுக்க நான்கு நட்சத்திரங்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு வந்த சேர்க்கையில் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்க்கிசியன் ஏழு தாக்குதல் லைன்மேன்களை (முன்வரிசைக்காரர்களை) சேர்த்தார். ஒரே ஆண்டில் ஏழு பேர்! கெல்வின் பேங்க்ஸ் முதலாண்டிலேயே இடது டாக்கிளாக நின்றது அபூர்வம். மற்றவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தார்கள், எடை கூடினார்கள், கற்றுக்கொண்டார்கள். 2023இல் 12-2. 2024இல் மீண்டும் அரையிறுதி. அந்த 2024 நவம்பர் 30 அன்று காலேஜ் ஸ்டேஷனுக்கே போய் ஏ அண்ட் எம்மை 17-7 என வென்றார்கள். இரண்டு அணிகளும் ஒரே டிசம்பரில் கையெழுத்து வாங்கியவைதான். மூன்று ஆண்டுகள் கழித்து யாரிடம் யார் மிச்சமிருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் நண்பர் டிசம்பரில் பார்ப்பது நாற்றங்காலை. விளைச்சல் கணக்கு அதில் இருக்காது.

அட்லாண்டா மீனா – பதில்

கேமரா அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கம் விடுபட்டுவிட்டது. நான் ஜார்ஜியா அணியைப் பதினோரு ஆண்டுகளாகப் பின்தொடர்கிறேன். தரவரிசையைக் குறைத்து மதிப்பிட என்னால் முடியாது.

கார்த்தி, 'புளூ சிப் ரேஷியோ' என்ற கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பட் எலியட் என்ற எழுத்தாளர் கொண்டுவந்தது. கடைசி நான்கு சேர்க்கைகளில் பள்ளியிலிருந்து வந்தவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை சதவீதம் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் என்று பார்ப்பது, அவ்வளவுதான். அது 50 சதவீதத்தைத் தாண்டாத எந்த அணியும், இந்தத் தரவரிசைகள் முறையாக வரத் தொடங்கிய காலத்திலிருந்து 2024 வரை, சாம்பியன் ஆனதே இல்லை. இந்தியானாதான் அந்தச் சுவரை முதலில் இடித்தது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அத்தனை ஆண்டுகள் நின்ற சுவர் சும்மா நிற்கவில்லை.

காரணம் ஆழம். இரண்டாவது வரிசை. 2023 ஜனவரி 9 அன்று ஜார்ஜியா இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் கிறிஸ்டியனைச் சந்தித்தது. அந்தப் பையன்கள் அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என வென்று வந்தவர்கள். பருவம் தொடங்கும் முன் அவர்களுடைய கான்ஃபரன்ஸிலேயே ஏழாவது இடம் என்று கணித்திருந்தார்கள். எப்படிப்பட்ட பயணம்! எங்கள் வீட்டு ஹாலில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தோம். இடைவேளையில் 38-7. அதற்கு மேல் யாரும் கைதட்டவில்லை. ஜார்ஜியா ரசிகையாகிய எனக்கே அந்தப் பையன்களைப் பார்க்க மனம் பிசைந்தது. ஜார்ஜியா தன் முதல் வரிசை வீரர்களை வெளியே எடுத்த பிறகும், உள்ளே வந்தவர்கள் அதே உயரம், அதே வேகம். 65-7இல் முடிந்தது. ஒரு ஆட்டத்தை யாரும் வெல்லலாம். அடுத்தடுத்து வலுவான அணிகளை வெல்ல, காயம்பட்டவனின் இடத்தில் நிற்க ஒருவன் வேண்டும். 2024 முதல் பிளேஆஃபில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிக்கட்டத் தொடரில், பன்னிரண்டு அணிகள் வந்துவிட்டதால் சாம்பியன் ஆக மூன்று அல்லது நான்கு ஆட்டங்கள் வெல்ல வேண்டியிருக்கிறது. ஆழத்தின் தேவை கூடியிருக்கிறது, குறையவில்லை.

இன்னொன்று. "இத்தனை பேர் மூன்று நட்சத்திரக்காரர்கள், டிராஃப்டில் தேர்வாகிவிட்டார்கள், ஆகவே நட்சத்திரம் பயனற்றது" என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் வாதம். ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்கு முப்பது சொச்சம் பேர். மூன்று நட்சத்திரம் ஆயிரத்துக்கும் மேல். ஆயிரம் பேரிலிருந்து நாற்பது பேர் மேலே வருவதையும், முப்பது பேரிலிருந்து பதினைந்து பேர் மேலே வருவதையும் வெறும் எண்ணிக்கையாக ஒப்பிடலாமா? இந்த எண்கள் கணக்குக்காக நான் சொல்வது. விகிதத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

எங்கள் அணியிலேயே இரண்டும் உண்டு. 2021 தடுப்பு அணியிலிருந்து ஐந்து பேர் 2022 டிராஃப்டின் முதல் சுற்றில் போனார்கள். அந்த ஆண்டு மொத்தம் 15 ஜார்ஜியா வீரர்கள் தேர்வானார்கள். ஏழு சுற்று டிராஃப்டில் அப்படி நடந்ததே கிடையாது. அந்தத் தடுப்பின் நடுவே மலைபோல் நின்ற ஜோர்டன் டேவிஸ் மூன்று நட்சத்திரம்தான். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட் வாக்-ஆனாக வந்து, ஓர் ஈராண்டு ஜூனியர் கல்லூரிக்குப் போய், திரும்பி வந்தவர். இரண்டு சாம்பியன் பட்டங்கள்! ஆனால் அவரைச் சுற்றி நின்றவர்கள் யார் என்பதை மறந்துவிடக் கூடாது.

லைன்மேனின் அப்பா – பதில்

என் மகன் பதினோராம் வகுப்பு, டிஃபென்ஸிவ் எண்ட், அதாவது தடுப்பு முன்வரிசையின் ஓரத்தில் ஆடுபவன். நட்சத்திரம் எப்படி விழுகிறது என்பதை வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சில வரிகள்.

ஒன்பதாம் வகுப்பில் அவனை அளந்தபோது ஆறு அடி. இப்போது ஆறடி நான்கு அங்குலம். அவனை முதலில் பார்த்துக் குறித்துக்கொண்டவர்களின் ஏட்டில் அவன் இன்னும் ஆறு அடிதான். முகாமுக்கு முகாம் போய், திரும்பத் திரும்பத் தன்னைக் காட்டினால்தான் அந்த எண் மாறும். ஒரு முகாமில் நாள் முழுக்க நின்றான். கை நீளத்தை அளந்தார்கள், நாற்பது யார்டு ஓடவிட்டார்கள். எதிரில் ஒரு ஆளை நிறுத்தி இடிக்கவிட்டது இரண்டே முறை. ஏழு மணி நேரம் காரில் போய் இரண்டு முறை இடித்துவிட்டு வந்தோம். அவன் வழியெல்லாம் பேசவில்லை. எனக்கும் பேச வாய் வரவில்லை.

பெரிய கல்லூரி ஒன்று ஒரு பையனுக்கு உதவித்தொகை தருவதாக அறிவித்தால், சில வாரங்களில் அவனுடைய மதிப்பெண் ஏறுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதைத் தவறென்றும் சொல்ல மாட்டேன். பல பயிற்சியாளர்கள் உட்கார்ந்து வீடியோ பார்த்து எடுத்த முடிவு அது. பட்டியல் போடுகிறவர் அதைக் கணக்கில் எடுக்கத்தான் செய்வார். ஆனால் அதன்பின் அந்தக் கல்லூரியின் தரவரிசை ஏறும்போது, காரணம் எது, விளைவு எது என்று பிரிக்க முடிவதில்லை.

குவார்ட்டர்பேக்குகளில்தான் அதிகம் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் என்.எஃப்.எல். நட்சத்திரமான ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடிக்கும்போது மேல்மட்டக் கல்லூரி ஒன்றிலிருந்தும் அழைப்பு இல்லை. கலிஃபோர்னியாவில் விவசாயக் குடும்பத்துப் பையன். ரீட்லி என்ற ஜூனியர் கல்லூரியில் ஆடி, அங்கிருந்து வயோமிங் போனார். இந்தியானாவின் ஃபெர்னாண்டோ மெண்டோசா மியாமி நகரத்தில் வளர்ந்தவர். முதலில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தார். பிறகு கலிஃபோர்னியா, அதற்குப் பிறகு இந்தியானா. சிறந்த கல்லூரி வீரருக்கான 2025 ஹைஸ்மன் விருது அவருக்கு. தன் சொந்த ஊர் அணியை, சொந்த ஊர்ப்பக்க மைதானத்திலேயே இறுதி ஆட்டத்தில் வென்றார். நான்காவது டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், பந்தைத் தானே எடுத்துக்கொண்டு மூன்று பேர் மேல் மோதிப் பாய்ந்தாரே, அந்தக் காட்சியை என் மகன் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறான்.

கொலம்பஸ் கார்த்தி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மீனா அக்கா சொன்ன விகிதக் கணக்கு இப்போதுதான் புரிந்தது. கேமரா அண்ணா, ஒரு சந்தேகம். வயதும் அனுபவமும்தான் காரணம் என்றால், எல்லா அணிகளிலும் மூத்த வீரர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்? இந்தியானாவால் மட்டும் எப்படி முடிந்தது? ஆழம் வேண்டும் என்று அக்கா சொல்கிறார். அவர்களுக்கு அந்த ஆழம் எங்கிருந்து வந்தது?

எண்ட் ஸோன் கேமரா

நல்ல கேள்வி. மீனா சொன்னதை மறுக்க எனக்கு எதுவும் இல்லை. அந்த 65-7 ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார்.

இந்தியானாவைப் புரிந்துகொள்ள, அதன் தலைமைப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும். 2007 முதல் 2010 வரை அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் ரிசீவர்களின் பயிற்சியாளர். கூடவே ஆள்சேர்ப்பு ஒருங்கிணைப்பாளரும் அவர்தான்! ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், டான்டா ஹைடவர் ஆகியோர் வந்த 2008 சேர்க்கை அவர் காலத்தில் நடந்தது. நட்சத்திரங்களைப் பற்றித் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியுமா? அவர் அந்த நாற்காலியை விட்டுவிட்டு, 2011இல் பென்சில்வேனியாவில் இரண்டாம் பிரிவு ஆடும் ஒரு சிறிய பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பிறகு எலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். பதின்மூன்று ஆண்டுகள், நட்சத்திரம் இல்லாத பையன்களோடு. அலபாமாவில் எல்லோருக்கும் பிடித்த பையனை யார் வேண்டுமானாலும் அடையாளம் காட்டுவார்கள். எலானில் அப்படி நடக்காது. நானூறு பேர் கண்ணில் படாத ஒருவனைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவர் கண்ணில் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன்.

2023இல் இந்தியானா 3-9. அந்தக் குளிர்காலத்தில் அவர் வந்தபோது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்கள் கூடவே வந்தார்கள். இரு பக்கத்து ஒருங்கிணைப்பாளர்கள் பிரையன்ட் ஹேன்ஸ், மைக் ஷானஹன் ஆகியோரும் வந்தார்கள். தம்பி, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு புது அணியில் எல்லோரும் புதிதாகப் பாடம் படிக்க வேண்டும். இங்கே பாடம் தெரிந்த பதின்மூன்று பேர் ஏற்கெனவே உள்ளே நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு அவர்களே சொல்லித்தருவார்கள். முதலாண்டு 11-2. அடுத்த ஆண்டு நீங்கள் பார்த்ததுதான். ஐடன் ஃபிஷர், டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சாரட், மைக்கேல் கமாரா எல்லோரும் அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள். இறுதி ஆட்டத்தில் மியாமி காலால் உதைத்த பன்ட்டை கமாரா தடுத்ததும், பந்து எண்ட் ஸோனில் விழுந்ததும், அதை இந்தியானா அமுக்கியதும் நினைவிருக்கும். நான் அந்தக் காட்சியை இருபது முறையாவது பார்த்திருப்பேன். இருபத்தோராவது முறையும் அவர் முதலடியைத்தான் பார்ப்பேன்.

போர்ட்டல் 2018இல் வந்தது. 2021இல், ஒரு முறை மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை என்றார்கள். அதே 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் ஈட்டலாம் என்றானது. 2025இல் கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கத் தொடங்கிவிட்டன, முதலாண்டில் ஒரு கல்லூரி மொத்தம் 2.05 கோடி டாலர் வரை. முன்பு ஒரு பையன் அலபாமாவில் மூன்றாவது வரிசையில் காத்திருப்பான், நான்காமாண்டு வெளியே வந்தால் எதிரணிக்கு நடுக்கம். இப்போது அவன் காத்திருப்பதில்லை. ஆகவே பெரிய அணிகளின் ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, மற்றவர்களுக்கு இருபத்திரண்டு வயது ஆண்கள் கிடைக்கிறார்கள். 2024 அக்டோபர் 5 அன்று முதல் இடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என வென்றதே, அந்த ஆட்டத்தின் குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா நியூ மெக்சிகோவில் ஒரு ஜூனியர் கல்லூரியில் தொடங்கியவர். அதற்காக உங்கள் ஒஹாயோ ஸ்டேட்டை மறக்கவும் வேண்டாம். 2024இல் அவர்கள் ஜெரமையா ஸ்மித் என்ற முதலாண்டு ஐந்து நட்சத்திரத்தையும் வைத்திருந்தார்கள், கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த வில் ஹோவர்டையும் வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் மூன்றாவது டவுனில் ஹோவர்ட் வீசிய பந்தை ஸ்மித் 56 யார்டுக்குப் பிடித்ததுதான் நோட்ர டேமின் நம்பிக்கையை உடைத்தது. இரண்டு வழியும் ஒரே பந்தில் சேர்ந்து வந்தன.

ஆகவே அடுத்த டிசம்பரில் உங்கள் நண்பர் பட்டியலைக் காட்டும்போது, எத்தனையாவது இடம் என்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே போங்கள். முதல் ஐந்துக்குள் இருக்கும் அணிகளுக்கிடையே ஒன்றுக்கும் நான்குக்கும் உள்ள இடைவெளி பெரிதாக எதையும் சொல்லாது. எத்தனை பேர் முன்வரிசைக்காரர்கள் என்று எண்ணுங்கள். பிறகு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலை எடுத்து, அதிலிருந்த பெயர்களில் எத்தனை இன்னும் அதே அணியில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். நான் ஒவ்வொரு ஆகஸ்டிலும் செய்வது இந்த இரண்டு எண்ணிக்கைதான்.

லைன்மேனின் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் மகனின் ஆட்ட வீடியோவில் எண்ட் ஸோன் கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். பல பெற்றோர் பக்கவாட்டுக் காட்சிகளை மட்டும் தொகுத்து அனுப்புகிறார்கள். முன்வரிசைப் பையனுக்கு அது போதாது. கைகளை எங்கே வைக்கிறான், இடுப்பு எப்போது திரும்புகிறது என்பதெல்லாம் பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். பள்ளியில் அந்தக் கேமரா இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இயக்க ஆள் இல்லை என்றால் நீங்களே நில்லுங்கள்.

லைன்மேனின் அப்பா

கேமரா இருக்கிறது, ஐயா. யாரும் நிற்பதில்லை. திங்கட்கிழமை பயிற்சியாளரைப் பார்க்கிறேன்.

கொலம்பஸ் கார்த்தி

அண்ணா, உடனே செய்து பார்த்தேன். 2023 சேர்க்கைப் பட்டியலை ஒரு பக்கமும், எங்கள் அணியின் 2025 பருவத்து வீரர் பட்டியலை மறுபக்கமும் வைத்து ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டிருக்கிறேன். இடையில் குழப்பம்: 2023இல் சேர்ந்தவர்களில் சிலருக்கு மூன்றாமாண்டு என்றும், சிலருக்கு இரண்டாமாண்டு என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

எண்ட் ஸோன் கேமரா

இரண்டும் சரிதான். பெயருக்குப் பக்கத்தில் 'ரெட்ஷர்ட்' என்று சேர்த்துப் போட்டிருக்கும், கவனியுங்கள். முதலாண்டில் நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர்களுக்கு அந்த ஆண்டு கணக்கில் சேராது. அவர்களையும் விடாமல் எண்ணுங்கள். லைன்மேன்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருப்பார்கள்.